மேலகரத்தில் காத்திருந்த கித்தான் பை

தென்காசி பஸ் நிலையத்தில் பால்வண்ணநாதனைத் தெரியாத ஒருவர் இருந்தால், அவர் பஸ்ஸிலேயே ஏறாதவராகத்தான் இருக்க வேண்டும். டைம் கீப்பர். தகரக் கொட்டகைக்குள் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, சுவரில் ஒரு கடிகாரம், கையில் இன்னொன்று. எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது, உள்ளே ஆட்கள் எத்தனை என்று டிரிப் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. குற்றாலத்தில் சாரல் விழுந்து கூட்டம் அலைமோதுகிற ஆடி மாதமானாலும் சரி, ஈ காக்கை இல்லாத பங்குனியானாலும் சரி, அவர் விசில் ஊதாமல் ஒரு வண்டி நகராது. டிரைவர்கள் அவருக்குப் பயப்படமாட்டார்கள். அவர் கைக்கடிகாரத்துக்குப் பயப்படுவார்கள்.

அவர் மனைவி இராமலட்சுமியைத்தான் ஊரில் பலருக்குத் தெரியாது. அதனாலேயே இந்தக் கதையை அவள் பக்கத்தில் நின்று சொல்வதுதான் நியாயம். அவள் அவருக்கு மாமன் மகள். சின்ன வயதிலிருந்தே ‘அத்தான்’ என்று கூப்பிட்டுப் பழகிய வாய், 1955இல் கல்யாணமான பிறகும் மாறவில்லை.

அத்தானுக்கு அந்தப் பைத்தியம் பிடித்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1957, ஆடி மாதம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த மனுஷர் இலையில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“ஏட்டி, இன்னைக்கு ஒரு வெள்ளைக்காரன் மோட்டார் சைக்கிள்ல வந்து, குத்தாலத்துக்கு எத்தனை மைலுன்னு கேட்டான். எங்கேருந்து வாரேன்னு கேட்டேன். லண்டன்ங்கான்.”

“கப்பல்ல வந்திருப்பான்.”

“அதான் இல்லங்கேன். ரோட்டு வழியாவே வந்திருக்கான். நம்ம கொட்டகை வாசல்ல கிடக்கு பாரு தார் ரோடு, அது அப்படியே லண்டன் வரைக்கும் போகுதாம். இடையில ரெண்டே ரெண்டு இடத்துலதான் தண்ணியாம். அதுக்கும் படகு இருக்காம்.”

“ரசம் ஆறிப்போகுது, அத்தான்.”

ரசம் ஆறியே போய்விட்டது. வடக்கே சிவகிரி, மேற்கே புளியறை என்று தன் பஸ்கள் போய்த் திரும்பும் இடத்தோடு உலகத்தை முடித்துக்கொண்டிருந்தவருக்கு, தன் வாசல் ரோடு தன்னிடம் சொல்லாமலே இவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது பெரிய அவமானமாகப் பட்டது.

அந்த ரோட்டிலேயே லண்டன் வரை போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு கட்டினார். ஆனால் மற்றவர்கள் போடுவது மாதிரியான திட்டமில்லை அவர் போட்டது. டைம் டேபிள் போட்டார். பஸ் கம்பெனியில் கழித்துவிட்ட டிரிப் ஷீட்டுகளைத் தைத்து ஒரு தடித்த நோட்டாக்கி, கொட்டகை மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில் அதில் எழுதுவார். டில்லியிலும் சென்னையிலும் இருக்கிற வெளிநாட்டு ஆபீஸ்களுக்கெல்லாம் கடிதம் போட்டார். ‘தங்கள் தேசத்துச் சாலையில் மணிக்கு எத்தனை மைல் போகலாம், எந்த மாதத்தில் பனி, எந்த ஊரில் பெட்ரோல்?’ பாதிப் பேர் பதிலே போடவில்லை. ஈரான்காரர்கள் ஒரு வரைபடம் அனுப்பினார்கள். துருக்கிக்காரர்கள் ஒரு பள்ளிவாசல் படம் அனுப்பினார்கள். அதில் பெட்ரோல் பற்றி ஒன்றும் இல்லை. இருந்தாலும் படம் நன்றாக இருந்தது.

எழுதியதையெல்லாம் மனப்பாடமாக வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பிடும்போது அவளிடம் ஒப்பிப்பார்.

“லாகூர் வருகை பதினொண்ணு இருபது. புறப்பாடு மறுநாள் அஞ்சு நாப்பது. முல்தான், குவெட்டா, சாகிதான். அங்கன ரோடு கொஞ்சம் மோசம், அதனால அரை நாள் கூடப் போட்டிருக்கேன். தெஹ்ரான், தப்ரீஸ், எர்சுரூம். பெறவு இஸ்தான்புல். இந்தக் கரை ஆசியா, அந்தக் கரை ஐரோப்பா. ஒரு கண்டத்துலேருந்து இன்னொரு கண்டத்துக்குப் படகுல இருபதே நிமிஷம். நம்ம வண்டி மேலகரம் போய்ச் சேருத நேரம்!”

எல்லா ஊரிலும் புறப்பாடு ஐந்து நாற்பதுதான். தென்காசியில் முதல் வண்டி ஐந்து நாற்பதுக்கு என்பதால் உலகமும் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்பது அவர் கட்சி.

ஒரு நாள் துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு எல்லையைத் தாண்டும்போதும் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பி வைக்க வேண்டும் என்று கண்டுபிடித்திருந்தார். “லாகூர்ல அரை மணி. ஈரான்ல இன்னும் ஒண்ணரை. லண்டன் போறதுக்குள்ள அஞ்சரை மணி நேரம் நமக்கு லாபம்ட்டி!”

இராமலட்சுமி மோரை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: “திரும்பி வரயில அதைப் புடுங்கிக்கிட மாட்டாங்களா?”

இருபது வருஷம் நேரத்தோடு குடித்தனம் நடத்தியவருக்கு இது தோன்றவில்லை. அன்று முழுவதும் முகம் வாடியிருந்தது. அவளுக்கே பாவமாகப் போய், சாயங்காலம் உளுந்தவடை சுட்டாள்.

இப்படிச் சிரித்துக்கொண்டே கேட்டாளே தவிர, இராமலட்சுமிக்கு உள்ளே ஒரு முள் குத்திக்கொண்டேதான் இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அத்தான் ‘நீயும் வா’ என்று சொல்லவில்லை. ‘நான் போறேன், நீ இரு’ என்றும் சொல்லவில்லை. டைம் டேபிளில் நானும் கிடையாது, நீயும் கிடையாது. வண்டி வரும், வண்டி போகும், அவ்வளவுதான். போய்வர எட்டு மாதம் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பிள்ளையில்லாத வீடு. ‘வீட்டுல ஒரு சின்னச் சத்தம் இல்ல, அதான் மனுசன் தேசாந்திரம் கிளம்புதாரு’ என்று தெருவில் யாரோ அவள் காதுபடவே பேசினார்கள். வாய்விட்டு அவரிடம் கேட்டுவிடலாம். கேட்டு, ‘ஆமா, நான் மட்டுந்தான்’ என்று சொல்லிவிட்டால்? கேட்காதவரை பாதி நம்பிக்கையாவது கையில் இருக்கும். அதோடு, ‘என்னையும் கூட்டிட்டுப் போங்க’ என்று கேட்டு வாங்குவது அவள் குணத்துக்கு ஒத்துவராது. அவள் அப்பாவும் அப்படித்தான். பசித்தாலும் இலை போடச் சொல்லிக் கேட்கமாட்டார்.

1961இல் மோட்டார் சைக்கிள் வந்தது. யுத்தம் முடிந்து பட்டாளத்தார் கழித்துவிட்ட வண்டி. யார் யார் கையிலோ மாறி, கடைசியில் சேக் மைதீன் பட்டறைக்கு உயிரில்லாமல் வந்து சேர்ந்தது. சேக் மைதீன் பஸ் கம்பெனி மெக்கானிக். ஓடாத எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை அரிக்கும். ஒரு வருஷம் பிரித்துப் போட்டு, ஒரு வருஷம் பூட்டினார். ஓட ஆரம்பித்ததும் அது எழுப்பிய சத்தத்தில் தெருவில் கட்டியிருந்த மாடுகள் அறுத்துக்கொண்டு ஓடின. ஊர் அதற்குப் ‘பீரங்கி’ என்று பெயர் வைத்தது.

அதற்குப் பிறகு வீட்டில் சில காரியங்கள் நடந்தன. அவை இராமலட்சுமியின் முள்ளை இன்னும் ஆழமாகத்தான் இறக்கின.

முதலாவது போட்டோ. “கிளம்புட்டி” என்று ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனார். பூ வைக்கக்கூடாது, சிரிக்கக்கூடாது, நேரே பார்க்க வேண்டும், அவளை மட்டும் தனியாக. போட்டோ வந்தது. சுவரில் மாட்டவே இல்லை. இரண்டு தடவை கேட்டாள். “பத்திரமா வச்சிருக்கேன்” என்றார். பட்டாளத்துக்குப் போகிறவர்கள் பெண்டாட்டி படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அடுப்படியில் போய் நின்று கொஞ்ச நேரம் அழுதாள்.

அடுத்து ரேஷன் கார்டுக்கு என்று ஒரு இங்கிலீஷ் காகிதத்தில் கையெழுத்து வாங்கினார். பிறகு பாஸ்போர்ட் விசாரணைக்கு ஏட்டையா வீட்டுக்கு வந்தார். அவள் பெயர், அப்பா பெயர், பிறந்த ஊர் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். போலீஸ் என்றால் எல்லாவற்றையும் கேட்பார்கள்தானே. பேனாவை மூடும்போது, “வெளிநாடு போனா ஒழுங்கா ஊர் திரும்பிருவீகளாம்மா?” என்று பொதுவாகக் கேட்டார்.

“டைம் கீப்பர்லா. நேரத்துக்கு வந்திருவாக” என்றாள் அவள். சொல்லிவிட்டு உள்ளே போனவளுக்கு, தான் சொன்னதைத் தானே நம்புகிறோமா என்று தெரியவில்லை.

1963 கார்த்திகையில் வண்டியின் இடது பக்கம் படகு மாதிரி ஒரு பெட்டி முளைத்தது. சைட் கார். பெட்ரோல் டின், ஸ்பேர் டயர், சாமான் எல்லாம் அதில்தான் போகும் என்றார். “ஸ்பிரிங் தாங்குதான்னு பாக்கணும். நீ செத்த உக்காரு. நீயும் ஆறு டின் பெட்ரோலும் ஒரே கனம்தான் இருப்பீங்க.”

“பெட்ரோலுக்கு எதுக்கு மெத்தை தச்சிருக்கீக?” என்று சேக் மைதீனைக் கேட்டாள்.

சேக் மைதீன் தாடியைத் தடவினார். “குலுங்கினா பெட்ரோல் சூடாயிரும்க்கா.”

அப்படி ஒரு சாஸ்திரம் உண்டா என்று அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஆறு டின் பெட்ரோலாக ஏறி உட்கார்ந்தாள். எல்லை தாண்டிப் பழக வேண்டும் என்று புளியறைக்கு விட்டார். பீரங்கி முழங்கிக்கொண்டு போனது. செங்கோட்டை தாண்டும்போது கத்திச் சொன்னார்: “நான் சின்னவனா இருக்கயில இது திருவாங்கூர்ச் சீமை! இந்த ஊருக்கு இந்தாண்டையே எல்லை வந்திரும். அம்பத்தாறுல அது நகந்து புளியறைக்குப் போயிருச்சு. எல்லைக்கே ஒரு இடத்துல நிலையா நிக்கத் தெரியல்ல, அதுக்குப் போய் மனுசன் பயப்படலாமா?”

புளியறைச் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசையாக நின்றன. காவலர் இவர்களைப் பார்த்து, போங்கள் என்று கையைக் காட்டினார். பால்வண்ணநாதன் போகவில்லை. இறங்கி, காக்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டினார்.

“அண்ணாச்சி, உங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், போங்க.”

“அதெப்படி? நீங்க சோதிக்கணும். ஈரான்ல சோதிப்பான்லா?”

காவலருக்குத் தலை சுற்றியது. பின்னால் லாரிக்காரர்கள் ஹாரனை அடித்தார்கள். கடைசியில், விட்டால் போதும் என்று காகிதங்களைப் புரட்டிவிட்டு, சைட் காரை எட்டிப் பார்த்தார்.

“இது என்ன சரக்கு?”

“பெட்ரோல்” என்றாள் இராமலட்சுமி.

காவலர் சிரித்த சிரிப்பில் தொப்பி விழுந்துவிட்டது. அதற்கப்பால், கேரளப் பக்கம் இருந்த கடையில் சாயா குடித்தார்கள். இங்கே சாயா, ஈரானில் சாய், துருக்கியிலும் சாய் என்று அத்தான் சொன்னார். “நடுவுல நாமதாட்டி டீன்னு சொல்லிட்டுக் கிடக்கோம்.” மலையில் மேகம் இறங்கி, முகத்தில் தூறல் விழுந்தது. இந்த ரோடு இப்படியே போய்க்கொண்டிருந்தால் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் தன் மேலேயே கோபம் வந்தது. பெட்ரோலுக்கு எதற்கு ஆசை?

வண்டிக்கு ஒரு பாஸ்போர்ட், மனுஷருக்கு ஒரு பாஸ்போர்ட் என்று எல்லாம் கைக்கு வந்து, 1964 மாசி மாதம் ஒரு புதன்கிழமை காலை ஐந்து நாற்பதுக்குப் புறப்பாடு என்று முடிவானது. கம்பெனியில் சம்பளமில்லாத லீவும் கிடைத்தது. இந்தச் செய்தி மேலகரத்துக்குப் போயிற்று. மேலகரத்தில் அவர் அக்காள் குழல்வாய்மொழி இருந்தாள். வயல், மாடு, பஞ்சாங்கம் மூன்றும் அவள் பொறுப்பு. கேள்விப்பட்ட அன்றே வந்து இறங்கிவிட்டாள்.

“ஏலே நாதா, புதன்கிழமை வடக்கே சூலம்லா!”

“லண்டன் மேற்கே இருக்குக்கா.”

“நீ போற ரோடு எந்தப் பக்கம்?”

“சிவகிரி வழியா. வடக்கே.”

“பெறவென்ன? சிவகிரி போறதுக்குள்ளயே சூலத்துல போய் முட்டுவே. வேற நாள் பாரு.”

“எர்சுரூம்ல பனி உருகுத நாளுக்குச் சரியாப் போட்டிருக்கேன். ஒரு நாள் மாறினா நாப்பத்திமூணு ஊரும் மாறும். பஸ்ஸு என்ன சூலம் பாத்தா ஓடுது?”

தம்பி ஒற்றைக்காலில் நின்றார். அக்காளும் அதே வயிற்றில் பிறந்தவள்தானே, இரண்டு காலிலும் நின்றாள். கடைசியில் அவளே வழி கண்டுபிடித்தாள். பரஸ்தானம். பயணம் போகிறவர் நல்ல நாளில் புறப்பட முடியாவிட்டால், அன்றைக்குத் தன் சாமானை மட்டும் போகிற திசையில் இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். வைத்த நேரத்திலேயே ஆள் புறப்பட்டதாகக் கணக்கு. அப்புறம் பத்து நாளைக்குள் எந்தக் கிழமையில் கிளம்பினாலும் சூலம் ஒன்றும் செய்யாது. ஆனால் வைத்ததை எக்காரணம் கொண்டும் வீட்டுக்குத் திருப்பி எடுத்துவரக்கூடாது. ஒரு துரும்பைக்கூட உருவக்கூடாது. உருவினால் பயணம் கெட்டது.

லண்டன் மேற்கே, மேலகரமும் மேற்கே. இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்? பயணத்துக்கு முந்தின வாரத்துத் திங்கட்கிழமை நல்ல நேரத்தில் பால்வண்ணநாதன் ஒரு பெரிய கித்தான் பையை இறுகக் கட்டி எடுத்துப்போய், அக்காள் வீட்டுப் பத்தாயத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார். யாருக்கும் காட்டாமல் அவரே அடுக்கியது. குழல்வாய்மொழி அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, நிலத்து வேலைக்கு வருகிறவர்கள் தொட்டுவிடக்கூடாது என்று நாலு பக்கமும் முறத்தைச் சாத்தி வைத்தாள்.

அந்த ஒன்பது நாளும் இராமலட்சுமிக்கு வீடு பாதி காலியான மாதிரி இருந்தது. அத்தான் எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டார். ஆனால் சாத்திரப்படி அவர் திங்கட்கிழமையே போய்விட்டார். போதாக்குறைக்கு அவளுடைய நீலக் கண்டாங்கிச் சேலையும் அரக்கு ரவிக்கையும் காணவில்லை. வெளுக்கப் போட்ட இடத்தில் தொலைந்திருக்கும். எல்லாமே கை நழுவிப் போகிற நேரம் என்று நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை, நாளை விடிந்தால் பயணம். அவர் கடைசி நாள் வேலைக்குப் போய்விட்டார். இராமலட்சுமி உளுந்தையும் எள்ளையும் வறுக்க ஆரம்பித்தாள். விட்டுவிட்டுப் போகிறவர் போகட்டும், வழியில் வயிறு காயக்கூடாது. எள்ளுப்பொடி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் என்று மூன்று டின் அடைத்தாள். எடுத்துக்கொண்டு மேலகரம் பஸ் ஏறினாள்.

“பையில வைக்கவா? ஐயையோ, அதைத் தொடக்கூடாதுட்டி!” என்றாள் குழல்வாய்மொழி.

“எடுக்கத்தானே மதினி கூடாது? வைக்கக்கூடாதுன்னு இருக்கா?”

குழல்வாய்மொழி யோசித்தாள். பஞ்சாங்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை. எள்ளுப்பொடி வாசனையும் நல்ல வாசனை. “வைக்கலாம். ஆனா எதையும் வெளிய எடுக்காம, ஓரமாச் சொருகணும்.”

முறங்களை விலக்கி, கட்டை அவிழ்த்தார்கள். மேலே இரண்டு காக்கிச் சட்டை. ஓரத்தில் டின்னைச் சொருக இராமலட்சுமி கையை விட்டாள். கையில் பழகிய நூல் தட்டுப்பட்டது. ஓரத்தை விலக்கிப் பார்த்தாள். நீலக் கண்டாங்கி.

“என் சேலை” என்றாள். அதற்குக் கீழே அரக்கு ரவிக்கை. அதற்கும் கீழே பெண்பிள்ளைகள் போடுகிற ஒரு கம்பளிச் சட்டை, புதுசு, அளவு கேட்கப் பயந்து வாங்கினது என்று பார்த்தாலே தெரிந்தது. பருத்த உடம்புக்காரி குழல்வாய்மொழிக்கே தொளதொளவென்று இருக்கும்.

பக்கவாட்டில் பாஸ்போர்ட். பையை விட்டு எடுக்காமல் உள்ளேயே விரித்தாள். ஒரு பக்கத்தில் அத்தான். அடுத்த பக்கத்தில் பூ வைக்காமல், சிரிக்காமல், நேரே பார்த்துக்கொண்டிருந்தாள் அவள். கீழே ரேஷன் கார்டுக்குப் போட்ட கையெழுத்து. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பாஸ்போர்ட்.

நோட்டு கடைசியில் இருந்தது. அதையும் பைக்குள் வைத்தே புரட்டினாள். ஏழு வருஷமாகக் காதால் கேட்டாளே ஒழிய, அதை அவள் கண்ணால் பார்த்ததில்லை. டிரிப் ஷீட்டில் இருக்கிற அதே கட்டங்கள்: ஊர், வருகை, புறப்பாடு, ஆட்கள், குறிப்பு. அவர் ஒப்பிக்கும்போது ஊரைச் சொல்வார், வருகையைச் சொல்வார், புறப்பாட்டைச் சொல்வார். நாலாவது கட்டத்தை ஒரு நாளும் சொன்னதில்லை. முதல் பக்கத்தில் 1957 ஆடி என்று தேதி. தென்காசி, புறப்பாடு 5.40, ஆட்கள் 2. மதுரை, ஆட்கள் 2. லாகூர், 2. குவெட்டா, 2. மை மங்கிப்போன பக்கங்களில் 2, பேனா மாறிய பக்கங்களில் 2, இஸ்தான்புல் படகில் 2. ஒரு இடத்திலாவது ஒன்று என்று எழுதி அடித்திருக்கிறாரா என்று தேடினாள். இல்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். என்னவோ ஏதோ என்று குழல்வாய்மொழி பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவருவதற்குள் அழுகை கோபமாகிவிட்டது.

“ஏழு வருசம் மதினி! ஒரு வார்த்தை சொல்லல்லியே! யாரைக் கேட்டு என்னை எழுதினாக? நான் வரமாட்டேன்.”

“அதெப்படி வராம இருப்பே?” என்றாள் குழல்வாய்மொழி நிதானமாக. “உன் சேலை ஒம்பது நாளா என் வீட்டுல இருக்கு. நீ போன திங்கட்கிழமையே புறப்பட்டாச்சு. இனிமே என்கிட்ட வந்து வம்பு பண்ணாதே. டின்னைச் சொருகிட்டுக் கட்டு.”

அன்று சாயங்காலம் பால்வண்ணநாதன் வழக்கம்போல ஆறு மணிக்கு வந்தார். காப்பியை வாங்கிக்கொண்டு ஆரம்பித்தார்: “தென்காசி புறப்பாடு அஞ்சு நாப்பது. மதுரை வருகை...”

“ஆட்கள் எத்தனை?”

டம்ளர் பாதியில் நின்றது. அவள் முகத்தைப் பார்த்தார். எல்லாம் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொள்ள அவருக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை.

“ஏன் அத்தான் சொல்லல்ல?”

“பயம்ட்டி” என்றார். “இருபது வருசமாப் பாக்கேன்லா? வண்டி வாறதுக்கு முன்னாடியே சொல்லிட்டா ஆளுக ஆயிரம் கேள்வி கேக்கும். வண்டி வந்து நின்னுட்டா பேசாம ஏறிரும். நீ மாட்டேன்னு சொல்லிருவியோன்னு ஏழு வருசமா வாயே திறக்கல்ல. நாளைக்கு அஞ்சரைக்குச் சொல்லலாம்னு...”

“அப்பவும் நான் மாட்டேன்னு சொல்லியிருந்தா?”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “மேலகரம் போய்ப் பையைத் தூக்கிட்டு வந்திருப்பேன். ஆளு ரெண்டுன்னு எழுதின வண்டிய ஒரு ஆளோட எடுக்க முடியுமா? நான் எடுக்கமாட்டேன்.”

அவர் அதைச் சும்மா, டிரைவரிடம் சொல்கிற மாதிரித்தான் சொன்னார். ஏழு வருஷமாக இராமலட்சுமி எந்த முள்ளை வைத்துக்கொண்டு நடந்தாளோ, அது அந்த இடத்தில் இல்லை. ஆனால் அதற்காக அவரை அப்படியே விட்டுவிடவும் அவளுக்கு மனமில்லை. “காப்பி ஆறுது” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். வருகிறேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை, கேட்கிற தைரியம் இல்லை.

மறுநாள் காலை ஐந்தரைக்கெல்லாம் தெருவே கூடிவிட்டது. டிரைவர்கள், கண்டக்டர்கள், பால் ஊற்ற வந்தவர்கள். சேக் மைதீன் கடைசியாக ஒரு தடவை எல்லா நட்டையும் முறுக்கிவிட்டு, சைட் கார் மெத்தையைத் தட்டிப் போட்டார். பீரங்கி முழங்கியது. ஐந்து முப்பத்தெட்டு. ஐந்து நாற்பது. வீட்டு வாசலுக்கு யாரும் வரவில்லை.

ஐந்து நாற்பத்திமூன்று. பால்வண்ணநாதன் கடிகாரத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். டைம் கீப்பர் தவிக்கிறதை வாழ்நாளில் முதல் முறையாகப் பார்த்த டிரைவர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அண்ணாச்சி, லேட்டுன்னு எழுதிருவீகளா?” என்று ஒருவர் கேட்டார். ஐந்து நாற்பத்தெட்டு. அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. உள்ளே போய்க் கேட்கவும் கால் வரவில்லை. வண்டியை அணைத்துவிடலாமா என்று சேக் மைதீன் பார்வையாலேயே கேட்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

ஐந்து ஐம்பத்திரண்டுக்குக் கதவு திறந்தது. இராமலட்சுமி குளித்து, பூ வைத்து, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு வந்தாள். நிதானமாகக் கதவைப் பூட்டினாள். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, சைட் காரில் ஏறி உட்கார்ந்தாள்.

“ரைட்!” என்று ஒரு கண்டக்டர் விசில் ஊதினார். தெரு கைதட்டியது.

முதலில் மேலகரம். குழல்வாய்மொழி பையைத் தானே தூக்கி வந்து சைட் காரில் வைத்தாள். தென்காசிக்குள் மறுபடியும் கால் வைத்தால் பரஸ்தானம் கெட்டுவிடும் என்று, இலஞ்சி, செங்கோட்டை சுற்றித்தான் வடக்கே போக வேண்டும் என்று கட்டளை போட்டாள். டைம் டேபிளில் இல்லாத சுற்று. தம்பி முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கப் போனவள் அழுதாள். அப்புறம் இரண்டு பேருக்கும் திருநீறு பூசிவிட்டாள்.

இராமலட்சுமி பைக்கட்டை அவிழ்த்து நோட்டை எடுத்தாள். அத்தான் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவினாள். முதல் பக்கத்தில், தென்காசிக்கு நேராக 5.40ஐ அடித்துவிட்டு 5.52 என்று எழுதினாள். ஆட்கள் கட்டத்தைத் தொடவில்லை. குறிப்பு என்ற கட்டத்தில், ஏழு வருஷமாகக் காலியாகக் கிடந்த இடத்தில், குண்டு குண்டான எழுத்தில் எழுதி அவரிடம் நீட்டினாள்.

‘தாமதம் 12 நிமிடம். காரணம்: ஆளைக் கேட்காமல் ஆளை எழுதியது.’

பால்வண்ணநாதன் அதை இரண்டு தடவை படித்தார். பேனாவை வாங்கி, டைம் கீப்பர் என்ற முறையில் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.